பழுதுபார்த்த சுவர் பழைய சுவர்தானா?

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனில் கார் வைத்திருப்போர் பெருகியபோது, ஆலையில் வார்த்த காங்கிரீட் பலகைகளை வரிசையாக நிறுத்தி, போல்ட்டால் முடுக்கிய கார் கொட்டகைகள் வீட்டுக்கு வீடு எழுந்தன. அவற்றில் பல இன்று வெடித்து உதிர்கின்றன. சேதமான பலகையைப் பூசிச் சரிசெய்யலாம். கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டவும் செய்யலாம். இப்படி ஒவ்வொன்றாக எல்லாப் பலகைகளும் மாறிய பிறகு நிற்பது பழைய கொட்டகையா, புதியதா? மாறிக்கொண்டே இருக்கும் பொருள் எதனால் அதே பொருளாக நிலைக்கிறது என்ற பழைய தத்துவக் கேள்வியே இது.

சேதம் பெரும்பாலும் உள்ளே தொடங்குகிறது. புதிய காங்கிரீட்டின் பிஎச் மதிப்பு 12-க்கு மேல். அந்தக் காரத்தன்மை, உள்ளிருக்கும் இரும்புக் கம்பியின்மேல் மெல்லிய காப்புப் படலம் ஒன்றை உண்டாக்குகிறது. காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் ஊடுருவி, பிஎச் மதிப்பை 9-க்கும் கீழே இறக்கும்போது படலம் அழிகிறது. பிறகு ஈரமும் ஆக்சிஜனும் சேர்ந்து கம்பியைத் துருப்பிடிக்க வைக்கின்றன. துரு, இரும்பைவிடக் கூடுதல் இடத்தை அடைப்பதால் மேலிருக்கும் காங்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. மெல்லிய பலகையில் கம்பி மேற்பரப்பை ஒட்டியே இருப்பதால் இது விரைவில் நேர்கிறது.

பழுது நீக்க, தளர்ந்த காங்கிரீட்டை உறுதியான பகுதி வரும்வரை செதுக்க வேண்டும். கம்பியின் பின்புறமும் தெரியும்படி குடைந்து, துருவைத் தேய்த்து, காப்புப் பூச்சு இட்டு, கலவையை அடுக்கடுக்காக அழுத்தி நிரப்பி, ஈரம் காக்க வேண்டும். புதிதாக உடைத்த பரப்பில் ஃபீனாப்தலீன் கரைசலைத் தெளித்தால் காரம் எஞ்சிய இடம் இளஞ்சிவப்பாகும்; காரம் இழந்த இடம் நிறம் மாறாது.

அந்தத் தத்துவக் கேள்விக்குத் திரும்புவோம். கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க், புராண வீரன் தீசியஸின் கப்பலைப் பற்றிக் கூறுகிறார். ஏதென்ஸ் மக்கள் அதன் மக்கிய பலகைகளை அவ்வப்போது மாற்றிவந்தார்கள். அது அதே கப்பல்தானா என்பதில் தத்துவவாதிகள் இரு கட்சியாகப் பிரிந்தார்கள். 1655-இல் ஆங்கிலத் தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸ் கேள்வியை இன்னும் கூர்மையாக்கினார். கழற்றிய பழைய பலகைகளையெல்லாம் சேர்த்து அதே வரிசையில் இன்னொரு கப்பல் கட்டினால், இரண்டில் எது தீசியஸின் கப்பல்? போல்ட்டால் இணைத்த கொட்டகையில் இதைச் செய்துபார்ப்பதும் கடினமன்று.

ஹாப்ஸின் விடை, எந்தப் பெயரை மனத்தில் கொண்டு கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. மூலப்பொருளைக் கருதினால் ஒரு விடை, வடிவத்தைக் கருதினால் வேறு விடை. பாலி மொழியில் அமைந்த பௌத்த நூலான மிலிந்த பஞ்ஹா இன்னும் ஆழமாகச் செல்கிறது. அதில் துறவி நாகசேனர் மன்னர் மிலிந்தரிடம் தேரைக் காட்டிக் கேட்கிறார்: சக்கரம் தேரா, அச்சு தேரா? தேர் என்பது உறுப்புகளைச் சார்ந்து வழங்கும் ஒரு பெயர் மட்டுமே என்ற முடிவுக்கு உரையாடல் வருகிறது.

ஆனால் பெயர் மட்டும் போதாது என்பதைக் காங்கிரீட் காட்டுகிறது. குளோரைடு உப்பு ஏறிய சுவரில் ஓரிடத்தை மட்டும் ஒட்டுப்போட்டுச் சரிசெய்தால், ஒட்டுக்கு வெளியே, அதன் விளிம்பை அடுத்துள்ள பழைய பகுதியில் கம்பி துருப்பிடிக்கத் தொடங்குவதுண்டு. அதுவரை துருப்பிடித்துவந்த இடமே மின்வேதி முறையில் சுற்றியிருந்த கம்பியைக் காத்துவந்தது. ஒட்டு அந்தக் காப்பை நீக்கிவிடுகிறது. எனவே சுவர் தனித்தனித் துண்டுகளின் குவியல் அன்று. அதன் பகுதிகள் ஒன்றையொன்று தாங்குகின்றன, ஒன்றையொன்று பாதிக்கவும் செய்கின்றன. இந்தத் தொடர்ந்த உறவே அதன் உயிர்நிலை.

இதிலிருந்து ஓர் அறமும் பிறக்கிறது. துருவை அகற்றாமல் மேலே பூசி மறைப்பது வடிவத்தைக் காக்கிறது, உறவைக் காப்பதில்லை. பழைய கட்டடத்தை அன்றிருந்ததுபோலவே மீட்டமைப்பதாகச் சொல்வது பொய் என்று ஆங்கிலக் கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் 1849-இல் வாதிட்டார். காலத்தே பேணினால் மீட்டமைக்கும் தேவையே எழாது என்பது அவர் கருத்து. 1964-இன் வெனிஸ் சாசனம் நினைவுச்சின்னங்களுக்கு ஒரு நடுவழி வகுத்தது: புதிதாகச் சேர்ப்பது முழுமையோடு இசைய வேண்டும், ஆனால் மூலத்திலிருந்து பிரித்தறியும்படியும் இருக்க வேண்டும். சாதாரணக் கொட்டகைக்கு அந்தச் சாசனம் இல்லை. ஆனாலும் அதன் நேர்மை அங்கும் பொருந்தும்.

ஆகவே, பழைய பலகைகளால் வேறிடத்தில் எழுந்த கொட்டகைக்கு மூலப்பொருளின் உரிமை மட்டுமே உண்டு. நின்ற இடத்திலேயே, கெட்டது நீக்கி, நல்லது காத்து, இடையறாமல் பேணப்பட்ட சுவரே அதே சுவர். ஒரு பொருளின் தொடர்ச்சியை அதன் பொருண்மையும் வடிவமும் மட்டும் தருவதில்லை. உண்மையான பராமரிப்பும் சேர்ந்தே தருகிறது.