குடிபெயர்தலின் தர்மம்

கோலசிலாங்கூர் மெலாவத்தி குன்றடியிலிருந்து புறப்பட்டு, முன்னாளில் பத்தாங் பெர்ஜுந்தை என்று வழங்கிய பெஸ்தாரி ஜெயாவைத் தாண்டி வடக்கே செல்கின்றவர்கள், பால்மரம் நின்ற மண்ணில் செம்பனையையும், செம்பனை நின்ற மண்ணில் வரிசை வரிசையாய் எழும் புது வீடுகளையும் காண்பார்கள். அத்தகைய வீடொன்றுக்கு முன்பணம் கட்டியிருந்த இளைஞர் ஒருவர் சென்ற மாதம் என்னிடம் வந்து, "ஐயா, முன்பு இங்கே தோட்டத் தொழிலாளர் லயங்கள் இருந்ததாகச் சொல்கிறார்கள், அங்கிருந்து போனவர்களின் மனக்குறை என் வீட்டு வாசலில் வந்து நிற்குமா?" என்று கேட்டார். ஜீவகாருண்யமுள்ள நெஞ்சில் மட்டுமே எழக்கூடிய சந்தேகம் அது.

தோட்டத்து வீடு தொழிலாளிக்கு உடைமையன்று; வேலையின் நிழல். விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்கு எழுந்து, பால் வெட்டி, அதே கூரையின் கீழ்த் தலைமுறை தலைமுறையாகப் பிறந்தும் இறந்தும் வந்த குடும்பத்துக்கு, வேலை போன அன்றே வீடும் போயிற்று. 1957-இல் மலாயா சுதந்திரமடைந்த காலத்தை ஒட்டி, ஐரோப்பிய முதலாளிமார் விட்டுச் சென்ற தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோதும் இதுவே நேர்ந்தது. பின்னாளில் மேரி, நைகல் கார்ட்னர், சுங்கை திங்கி, மின்யாக், புக்கிட் தாகார் ஆகிய ஐந்து தோட்டங்கள் கைமாறியபோதும் இதுவே நேர்ந்தது. அவ்வைந்து தோட்டத்தாரும் சொந்த வீட்டுக்காகக் கால் நூற்றாண்டு காத்திருந்தனர்.

இதைக் கேட்டு, "உடம்பே நிலையற்றது, சுவருக்கும் கூரைக்கும் ஏன் இத்தனை பற்று?" என்று வேதாந்தம் பேசுவாரும் உண்டு. உயிருக்கு உடம்பு ஒதுக்கிடமே என்று வள்ளுவர் நிலையாமையை உபதேசித்தது மெய்யே. ஆயினும் அறமும் பொருளும் இன்பமும் கண்டபின் வைத்து எண்ணப்படும் வீடுபேற்றை, பொருளே கிட்டாதவனுக்கு முதற்பாடமாகப் போதிப்பது எந்த சாஸ்திரத்துக்கும் சம்மதமாகாது. துறப்பதற்குத் தன்னுடையது என்று ஒன்று இருத்தல் வேண்டும். பறிகொடுத்தவனைத் துறவி என்று அழைப்பது, அவன் துயரத்துக்குக் காவி உடுத்துவதாகும்.

தெய்வத்தை இடம் பெயர்க்க நேரும்போது நாம் எவ்வாறு நடந்துகொள்கிறோம் என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். தோட்டத்து மாரியம்மன் கோயிலாயினும், ஆகம விதிப்படி திருப்பணி தொடங்குமுன் பாலாலயம் அமைத்து, மூலவரின் சாந்நித்தியத்தைக் கும்பத்தில் எழுந்தருளச் செய்து, பாலாலயத்தில் பிரதிஷ்டை செய்து, நித்திய பூஜை தடைபடாமல் நடத்திய பின்னரே பழைய கருவறையில் கை வைக்கிறோம். எங்கும் நிறைந்த பரம்பொருளுக்கு இருப்பிடம் இல்லாமற் போவதில்லை. அப்படியிருந்தும் ஒரு நாழிகைகூட அது இடமின்றி இருத்தலாகாது என்று அஞ்சி நம் முன்னோர் விதித்த ஒழுங்கு இது. புதியது ஆயத்தமாகும்வரை பழையதைக் காலி செய்யாதே என்னும் இத்தர்மம், மழைக்கு ஒதுங்க இடம் வேண்டிய மனிதனுக்கு அன்றோ முதலில் உரியது?

இத்தர்மத்தைத் தொழிலாளரே தம் கையால் நிலைநாட்டிய வரலாறும் உண்டு. 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, தோட்டந்தோட்டமாகச் சென்று, மாதம் 10 வெள்ளி வீதம் சேமிக்கச் செய்து, மறு ஆண்டே கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கத்துக்கு வாங்கினார். நின்ற நிலத்திலேயே நிற்கும் உரிமையை அப்பத்து வெள்ளி வாங்கியது. முன்சொன்ன ஐந்து தோட்டத்தாருக்கோ இப்போதுதான் 245 வீடுகள் கொண்ட திட்டம் பெஸ்தாரி ஜெயாவில் உருவாகியிருக்கிறது; அவர்களில் காத்திருந்தே கண்மூடியவர்களுக்கு அந்தச் சாவியை யார் கொடுப்பார்?

இளைஞருக்கு நான் சொன்னது இது: "தம்பி, நியாயமாகச் சம்பாதித்து வாங்கிய வீட்டில் பாவம் ஒட்டாது. ஆனால் தெரிந்துகொண்டவனுக்கு ஒரு கடன் உண்டு. அங்கிருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று விசாரியுங்கள். புதுமனை புகும் நாளில், அந்த மண்ணில் பால் வெட்டிய பாட்டி ஒருவரைத் தேடி அழைத்து வந்து, அவர் கையால் பால் பொங்க வையுங்கள்."