கைக்கடிகாரமும் தேவைக்கு மிஞ்சிய பணமும்

விலையுயர்ந்த சுவிஸ் கைக்கடிகாரங்களில் சிலவற்றைக் கடைக்குப் போய்ப் பணம் கொடுத்து உடனே வாங்கிவிட முடியாது. ரோலெக்ஸ், பட்டேக் பிலிப், ஆடமார் பிகே போன்ற நிறுவனங்களின் பெயர்பெற்ற மாடல்களுக்கு, அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம் பெயரைப் பதிந்துவிட்டு மாதக்கணக்கில், சில மாடல்களுக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பிறகு ஒரு நாள் டீலரிடமிருந்து தொலைபேசி வருகிறது. கடிகாரம் வந்துவிட்டது, உங்களுக்கென்று எடுத்து வைத்திருக்கிறோம், இரண்டொரு நாளில் சொல்லிவிடுங்கள் என்கிறார். கையில் பணம் இருக்கிறது, மனதில் ஆசையும் இருக்கிறது. வாங்குவதா, விடுவதா? வரவு செலவுக் கணக்கை மட்டும் வைத்து இதற்கு விடை காண முடியாது. தேவைக்கு மிஞ்சிய பணத்தில் யாருக்கு உரிமை, ஒரு பொருளின் மேல் எவ்வளவு ஆசை வைக்கலாம், ஆசை எங்கிருந்து வருகிறது என்னும் பழைய கேள்விகள் இதற்குள் இருக்கின்றன.

நேரம் காட்டும் பயனை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். ஜப்பானின் சீக்கோ நிறுவனம் 1969 டிசம்பர் 25 அன்று ஆஸ்ட்ரான் என்ற குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகு, துல்லியத்துக்கும் விலைக்கும் இருந்த தொடர்பு மெல்ல மெல்ல அறுந்துபோனது. இன்றைய சாதாரண குவார்ட்ஸ் கடிகாரத்தில் பேட்டரியால் இயங்கும் படிகம் வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. மாதத்துக்குச் சில வினாடிகளே பிசகும். சுருள்வில்லால் ஓடும் மெக்கானிக்கல் கடிகாரம் சுவிட்சர்லாந்தின் க்ரோனோமீட்டர் சோதனையில் தேற வேண்டுமென்றால், சராசரியாக நாளொன்றுக்கு 4 வினாடி பின்தங்குவது முதல் 6 வினாடி முந்துவது வரை அனுமதி உண்டு. ஓசூர்த் தொழிற்சாலையிலிருந்து வரும் டைட்டன் குவார்ட்ஸ் கடிகாரம், நூறு மடங்கு விலையுள்ள சுவிஸ் கடிகாரத்தைவிட நேரத்தைச் சரியாகக் காட்டும்.

இந்த முரணைக் குவார்ட்ஸ் வருவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஆடம் ஸ்மித் கவனித்திருக்கிறார். 1759இல் வெளிவந்த ‘ஒழுக்க உணர்வுகளின் கோட்பாடு’ நூலில் அவர் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டே கடிகாரம்தான். ஒருவரிடம் நாளுக்கு இரண்டு நிமிடம் பின்தங்கும் கடிகாரம் இருக்கிறது. அதை வெறுத்து இரண்டு கினிக்கு விற்றுவிட்டு, பதினைந்து நாளில் ஒரு நிமிடம்கூடப் பிசகாத கடிகாரத்தை ஐம்பது கினி கொடுத்து வாங்குகிறார். ஆனால் அவர் மற்றவர்களைவிட நேரம் தவறாதவராக ஆகிவிடவில்லை. அவரை ஈர்ப்பது நேரத்தை அறிவது அன்று, நேரத்தை அறியப் பயன்படும் கருவியின் முழுமை என்கிறார் ஸ்மித். செல்வத்தின் மேல் மனிதர் கொள்ளும் ஆசை பெரும்பாலும் இப்படிப்பட்டதே என்றும், அந்த மயக்கமே உழைப்பையும் தொழிலையும் இயக்குகிறது என்றும் அவர் மேலே செல்கிறார். இன்று கடிகாரம் வாங்குபவரின் மனதை இதைவிட நுட்பமாகச் சொன்ன எழுத்து அரிது.

ஸ்மித் காலத்து வாங்குபவருக்கு நேராத ஒன்று இன்றைய வாங்குபவருக்கு நேர்கிறது. அவர் கடிகாரத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் கடை அவரைத் தேர்ந்தெடுக்கிறது. பல கடைகளில் முன்பு எவ்வளவு வாங்கியிருக்கிறார், எத்தனை காலமாக வந்துபோகிறார் என்பதைப் பார்த்தே ஒதுக்கீடு நடக்கிறது. அதனால் டீலரின் அழைப்பு ஒரு விற்பனையாகத் தோன்றுவதில்லை, கௌரவமாகத் தோன்றுகிறது. மறுத்தால் டீலரின் முகம் வாடுமோ, அடுத்த முறை பெயர் பட்டியலின் அடியில் போய்விடுமோ என்ற கூச்சம் வருகிறது. நேற்றுவரை பெரிதாக நினைத்துப் பார்க்காத மாடலாக இருந்தாலும், ‘கிடைத்திருக்கிறதே’ என்பதற்காகவே அது வேண்டும் என்று தோன்றிவிடுகிறது. ஒரு பொருளை விரும்புவதும், அது தனக்கு அளிக்கப்பட்டதை விரும்புவதும் வெவ்வேறு ஆசைகள். முதலாவது கடிகாரத்தோடு பல ஆண்டுகள் இருக்கும். இரண்டாவது பில் போட்ட அன்றே தீர்ந்துவிடக்கூடும்.

இந்த இடத்தில் ஸ்டோயிக் தத்துவவாதி எபிக்டீட்டஸ் நேராக உதவுகிறார். அடிமையாக இருந்து விடுதலை பெற்ற அவர், கி.பி. முதலாம், இரண்டாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்தவர். இன்பம் தரும் ஒன்றின் உருவம் மனதைப் பற்றும்போது உடனே அதன் பின்னால் போகாமல் தவணை வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது அவர் போதனை. அனுபவிக்கும் நேரம் ஒன்று, அனுபவித்த பிறகு தன்னையே நொந்துகொள்ளும் நேரம் ஒன்று. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கச் சொல்கிறார். டீலர் கொடுக்கும் இரண்டு நாள் கெடு இந்தத் தவணையைத்தான் பறிக்கிறது. எபிக்டீட்டஸின் சொந்த வாழ்க்கையிலும் ஒரு பொருள் உண்டு. வீட்டில் அவர் வைத்திருந்த இரும்பு விளக்கைத் திருடன் கொண்டுபோய்விட்டான். மறுநாள் மண்விளக்கு வாங்கிக்கொண்டார். அவர் இறந்த பின் அந்த மண்விளக்கை ஒருவர் மூவாயிரம் திராக்மா கொடுத்து வாங்கியதாகக் கிரேக்க எழுத்தாளர் லூசியன் எழுதியிருக்கிறார். அந்த விளக்கொளியில் படித்தால் எபிக்டீட்டஸின் ஞானம் தனக்கும் வந்துவிடும் என்று வாங்கியவர் நம்பினாராம். பால் நியூமன் என்ற நடிகர் கட்டியிருந்த ரோலெக்ஸ் டேடோனா, 2017 அக்டோபரில் நியூயார்க் ஏலத்தில் 1.77 கோடி டாலருக்கு மேல் விலைபோனதற்கும் இதே நம்பிக்கைதான் அடிப்படை.

கிறிஸ்தவச் சிந்தனைக்கும் சுவிஸ் கடிகாரத்துக்கும் உள்ள தொடர்பு வரலாற்றிலேயே இருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் ஜான் கால்வினின் சீர்திருத்தம் ஜெனீவாவில் வேரூன்றியபோது நகை அணிவது கண்டிக்கப்பட்டது. வேலை குறைந்த பொற்கொல்லர்கள் கடிகாரத் தொழிலுக்குத் திரும்பினார்கள். பிரான்சிலிருந்து அகதிகளாக வந்த புராட்டஸ்டண்ட் கைவினைஞர்கள் தம் திறமையைக் கொண்டுவந்தார்கள். 1601இல் ஜெனீவாவில் கடிகாரக் கைவினைஞர் சங்கம் அமைந்தது. ஆபரணம் கூடாது என்ற ஊரில் கடிகாரத்துக்கு இடம் கிடைத்ததற்குக் காரணம், அது பயனுள்ள கருவி என்பதே. நேரம் காட்டும் பயனைக் குவார்ட்ஸ் கைப்பற்றிய பின், அந்த ஊரின் மெக்கானிக்கல் கடிகாரம் பெருமளவு ஆபரணமாகிவிட்டது.

கால்வினை ஆடம்பரத்தின் பகைவராக மட்டும் நினைப்பது சரியாகாது. ‘கிறிஸ்தவ சமயக் கோட்பாடுகள்’ நூலின் மூன்றாம் பகுதியில், உயிர்வாழத் தேவையானதற்கு மேல் எதையும் அனுபவிக்கக் கூடாது என்போரை அவர் மறுக்கிறார். மலருக்கு நிறமும் மணமும் கொடுத்த கடவுள் அழகையும் மகிழ்ச்சியையும் கருதியே படைத்தார் என்பது அவர் வாதம். அதே இடத்தில் அவர் இன்னொன்றையும் சேர்க்கிறார்: எல்லாம் ஒப்படைக்கப்பட்டவை, ஒருநாள் ஒவ்வொன்றுக்கும் கணக்குக் கொடுக்க வேண்டும். அழகான கடிகாரத்தைக் கண்டு மகிழ்வது குற்றமில்லை. கணக்கில் அதை எப்படி எழுதுவது என்பதே சிக்கல்.

அந்தக் கணக்கை மிகக் கடுமையாகப் போட்டவர் நான்காம் நூற்றாண்டுச் செசரியா ஆயர் பசிலியார். செல்வரின் பெட்டியில் உடுத்தப்படாமல் கிடக்கும் ஆடை ஆடையில்லாதவருக்கு உரியது என்று அவர் பிரசங்கித்தார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் இதையே சட்ட மொழியில் வகுத்தார். ஒருவரிடம் மிஞ்சியிருப்பது இயற்கை நீதிப்படி ஏழையின் பிழைப்புக்குக் கடன்பட்டது. ஆனால் உயிர்வாழத் தேவையானதையும் தன் நிலைக்கேற்ப வாழத் தேவையானதையும் கழித்த பிறகே மிச்சம் கணக்கிடப்படும் என்றார் அக்வினாஸ். இந்த விலக்கில்தான் கடிகாரங்கள் எல்லாம் நுழைகின்றன. ‘என் தொழிலில் இப்படி ஒன்று கையில் இருந்தால்தான் மதிப்பு’ என்று சொல்லாத வாங்குபவர் குறைவு. நிலைக்கேற்ற வாழ்வு என்பதன் எல்லையை அவரவரே வகுத்துக்கொண்டால், வருமானம் உயர உயர எல்லையும் நகர்ந்துகொண்டே போகும். மிச்சம் என்று ஒன்று வரவே வராது. மெதடிஸ்ட் இயக்கத்தின் ஜான் வெஸ்லி ஆண்டுக்கு 30 பவுன் சம்பாதித்தபோது 28 பவுனில் வாழ்ந்து, வருமானம் இரட்டித்த பிறகும் அதே 28 பவுனில் வாழ்ந்து எஞ்சியதைக் கொடுத்தார் என்று சொல்லப்படுவது இந்த நழுவலைத் தடுக்கவே.

வெஸ்லி தன்னளவில் செய்ததைச் சமணம் இல்லறத்தார் அனைவருக்கும் விரதமாகவே வைத்திருக்கிறது. ஐந்து அணுவிரதங்களில் கடைசியானது, உடைமைக்கு வரம்பு கட்டுவது. தமிழ்ச் சமணம் இதைப் பொருள் வரைதல் என்கிறது. இல்லறத்தாருக்கான அருங்கலச்செப்பு என்ற நூல் கூறும் விரதங்களில் இதுவும் ஒன்று. துறவி எல்லாவற்றையும் விடுகிறார். இல்லறத்தார் விடவேண்டியதில்லை, நிலம், வீடு, பொன், தானியம், ஆடை, கலம் எல்லாவற்றிலும் இவ்வளவு போதும் என்று தாமே முன்கூட்டி வரைந்துகொள்ள வேண்டும். இங்கே மிகவும் மதிக்கத்தக்கது அந்த ‘முன்கூட்டி’தான். அழைப்பு வந்த பிறகு வரம்பைப் பற்றி யோசிப்பவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே யோசிக்கிறார். அப்போது வரம்பு கடிகாரத்தின் விலைக்கு ஏற்றபடி அமைந்துவிடும். தத்துவார்த்த சூத்திரம் என்னும் சமண நூல் உடைமையைப் பொருளில் வைக்காமல் பொருளின் மேலுள்ள மயக்கத்தில் வைத்து வரையறுப்பதும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. அந்த வரையறைப்படி, பட்டியலில் பெயர் எழுதிவிட்டு இரண்டு ஆண்டு அதே நினைவாக இருந்தவர், கடிகாரம் கைக்கு வராமலேயே அதன் உடைமையாளர்.

இஸ்லாமியச் சட்டம் பொருளிலிருந்தே தொடங்குகிறது. ஆண்கள் தங்கம் அணிவது பெரும்பான்மை அறிஞர்களின் கருத்தில் தடை. எனவே தங்கக் கடிகாரம் ஆண்களுக்கு ஆகாது, எஃகு ஆகும். எஃகு என்பதாலேயே அனுமதி முழுமையாவதில்லை. வீண்விரயமும் பெருமையடித்தலும் தனியாகத் தடுக்கப்பட்டவை. வட்டிக்கடனில் வாங்குவதும் கூடாது. மறுவிற்பனைக்காக வாங்கியது வணிகச் சரக்காகி, ஆண்டுக்கு 2.5 சதவீத ஸகாத் என்னும் கட்டாயத் தானத்துக்கு உட்படும். ஒரே கடிகாரம் எண்ணத்தைப் பொறுத்து இரு வேறு பொருளாகிவிடுகிறது.

பௌத்தம் வாங்கிய பிறகு நடப்பதைக் கேட்கிறது. கோசாம்பியின் அரசன் உதயணனின் தேவியர் புத்தரின் சீடர் ஆனந்தருக்கு ஐந்நூறு ஆடைகள் தானம் செய்தனர். துறவி கடை வைக்கப் போகிறாரா என்று எரிச்சலுற்ற அரசன் அவரிடமே விசாரித்தான். கந்தலான ஆடையுள்ள பிக்குகளுக்குக் கொடுப்போம் என்றார் ஆனந்தர். பழைய ஆடைகள்? விரிப்பாகும். பழைய விரிப்புகள்? மெத்தை உறையாகும். அப்படியே கால்துடைப்பாகி, தூசு தட்டும் துணியாகி, கடைசியில் சேற்றோடு பிசைந்து தரை மெழுகப் பயன்படும் என்பதுவரை பதில் வந்தது. அரசன் மகிழ்ந்து இன்னும் ஐந்நூறு ஆடைகள் கொடுத்தான். எண்ணிக்கை தவறில்லை, பயன்படாமல் கிடப்பதே தவறு என்பது அந்தக் கதையின் நிலைப்பாடு. பாதுகாப்புப் படலம்கூட உரிக்கப்படாமல் வங்கி லாக்கரில் கிடக்கும் கடிகாரம் இந்தச் சோதனையில் தேறாது.

வாங்கலாம் என்போரின் வாதங்களில் வலுவானது கைவினை. தத்துவவாதி டேவிட் ஹியூம் 1752இல் எழுதிய கட்டுரையில், நயமான பொருள்களுக்கான தேவை தொழில் திறமையையும் அறிவையும் வளர்க்கிறது என்று காட்டினார். குவார்ட்ஸ் வந்தபோது இதன் மறுபக்கம் தெரிந்தது. 1970 வாக்கில் சுமார் 90,000 பேருக்கு வேலை கொடுத்த சுவிஸ் கடிகாரத் தொழில், 1980களின் நடுவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. ஜூரா மலைப் பள்ளத்தாக்குகளில் தலைமுறை தலைமுறையாக வந்த கைப்பழக்கம் அழியும் நிலைக்குப் போனது. அதை மீட்டது ஆடம்பரச் சந்தையே. ஆகவே, அந்தப் பள்ளத்தாக்குகளில் ஒன்றான வாலே டி ஜூவில் பிலிப் டுஃபூர் போன்ற கைவினைஞர் ஒருவர் பல் சக்கரத்தின் விளிம்பைக் கையால் மெருகேற்றிச் செய்த கடிகாரத்துக்குக் கொடுக்கும் பணம் உழைப்புக்கான மதிப்பு. ஆலையில் பெரும் எண்ணிக்கையில் உருவாகி, காத்திருப்புப் பட்டியலால் விலை ஏறிய மாடலுக்கு இந்த வாதத்தை அப்படியே பொருத்த முடியாது.

வாரிசு வாதம் பட்டேக் பிலிப் நிறுவனம் 1996 முதல் விளம்பரங்களில் பரப்பியது: கடிகாரம் அடுத்த தலைமுறைக்காகக் காக்கப்படுவது. கால்வின் சொன்ன ஒப்படைப்பு போலவே இது ஒலிக்கிறது. ஆனால் சமயம் சொல்லும் ஒப்படைப்பில் கணக்குக் கேட்பவர் கடவுள், பங்கு பெறுபவர் ஏழை. விளம்பரத்தில் இரண்டு இடத்திலும் சொந்தப் பிள்ளையே இருக்கிறார். ரோலெக்ஸ் நிறுவனத்தின் உரிமை, அதன் நிறுவனர் ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப் 1945இல் நிறுவிய அறக்கட்டளையிடம் இருப்பதைச் சிலர் நியாயமாகக் காட்டுவதுண்டு. அது பாராட்டத்தக்க அமைப்பு. வாங்குபவரின் செலவை அது தானமாக மாற்றிவிடாது.

முதலீட்டு வாதம் மிகவும் பலவீனமானது. 2021இல் பட்டேக் பிலிப்பின் நாட்டிலஸ் 5711 மாடல் நிறுத்தப்படும் என்ற செய்தி வந்தபின் அதன் இரண்டாம் கை விலை வானத்துக்கு ஏறியது. 2022 வசந்தத்துக்குப் பிறகு சந்தை முழுவதுமே சரிந்தது. அதைவிடப் பெரிய தடை நேர்மை சார்ந்தது. கட்டிக்கொள்ளப் போவதாக டீலரிடம் சொல்லிவிட்டு மறுவாரமே விற்பவர், உண்மையிலேயே விரும்பி வரிசையில் நின்ற இன்னொருவரின் இடத்தைப் பொய் சொல்லிப் பறிக்கிறார். இதில் ஆடம்பரம் என்ற கேள்வியே வேண்டியதில்லை, பொய் போதும்.

எஞ்சியிருப்பது பிறர் பார்வை. 2012இல் ரஷ்ய மரபுவழித் திருச்சபையின் இணையதளப் படம் ஒன்றில் முதுபெரும் தந்தை கிரில்லின் மணிக்கட்டில் இருந்த விலையுயர்ந்த ப்ரெகே கடிகாரம் அழிக்கப்பட்டிருந்தது. பளபளப்பான மேசையில் அதன் பிரதிபலிப்பு அப்படியே இருந்தது. படத்தைத் திருத்தியதற்குத் திருச்சபை மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. இல்லறத்தாருக்குத் துறவியின் அளவுகோல் பொருந்தாது. ஆயினும் ஒரு பகுதி எல்லோருக்கும் பொருந்தும்: குறிப்பிட்டவர்கள் முன்னிலையில் சட்டைக் கையை இழுத்து மறைக்கவேண்டும் என்று தோன்றும் கடிகாரத்தை, அவர்கள் முன்னிலையில் நியாயப்படுத்த முடியாது என்று அதன் உடைமையாளருக்கே தெரியும்.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்தால், அழைப்பு வருவதற்கு முன்பே ஒரு வரம்பைக் கட்டியிருந்து, அந்த வரம்புக்குள் விலை அடங்கி, குடும்பத்துக்கும் ஏழைக்கும் சேரவேண்டியதைக் கொடுத்து முடித்து, கடன் வாங்காமல், அன்றாடம் கட்டிக்கொள்வதற்காக வாங்குபவரை எந்தச் சமயமும் குற்றம் சொல்லப் போவதில்லை. கிடைத்ததே என்பதற்காக, விற்பதற்காக, அல்லது மறுத்தால் டீலர் என்ன நினைப்பாரோ என்பதற்காக வாங்கக் கூடாது. இரண்டு நாளில் முடிவெடுக்க முடியாதவர் வேண்டாம் என்று சொல்லிவிடுவதே சரி.