யாருடைய பென்சன்?

பெரியப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம், பெரியம்மாவுக்காகப் பாரம் நிரப்பிக் கொடுத்தேன். எங்கள் குடும்பத்தில் பட்டதாரி என்றால் பாரம் நிரப்புகிறவன் என்று பொருள். மரணச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், ஐசி நகல், வங்கிப் புத்தகம் எல்லாம் மேசை மேல் கிடந்தன. கணவர் கடைசியாக உங்கள் வீட்டில் எப்போது சாப்பிட்டார் என்று பாரத்தில் ஒரு கட்டம் இருந்திருந்தால், 1996 என்று எழுதியிருப்பேன்.

பெரியப்பா அரசாங்க ஆஸ்பத்திரியில் அட்டெண்டன். 1996-இல் வீட்டை விட்டுப் போனார். மறுவருடம் ஒரு கோயிலில் வேறொருவருக்குத் தாலி கட்டினார். அந்த அம்மாவை நாங்கள் எந்த முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை. பேச்சு வந்தால் ‘அந்த வீடு’ என்போம், அவ்வளவுதான். ஆனால் பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு மூன்று வருடம் குளிப்பாட்டி, ஊட்டி, பெம்பர்ஸ் மாற்றியது அந்த வீடுதான். இந்த வீட்டில் பெரியம்மா விடியற்காலையில் நாசி லெமாக் கட்டி விற்று, பகலில் தொழிற்சாலையில் துப்புரவு வேலை பார்த்து மூன்று பிள்ளைகளை ஆளாக்கினார். பெரியப்பாவிடமிருந்து ஒரு காசு வந்ததில்லை.

சட்டத்துக்கு இதில் எந்தக் குழப்பமும் இல்லை. முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1976-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் 1982 மார்ச் 1-இல் நடப்புக்கு வந்தது. அதற்கு முன் இந்து வழக்கப்படி இரண்டு மனைவிகள் இருக்கலாம், இருவரும் மனைவிகள்தான். அதற்குப் பின் ஒருத்திதான். பெரியம்மாவின் திருமணம் 1984-இல் பதிவானது. விவாகரத்து ஆகவில்லை. ஆக ‘பாலு’, அதாவது கைம்பெண், அவர் ஒருவர்தான். அவருக்குக் கிடைப்பதை மலாயில் ‘பென்சேன் தெர்பித்தான்’ என்பார்கள். இன்னொன்றிலிருந்து பிறந்து வந்த பென்சன்.

அந்த அம்மா எனக்குப் போன் செய்தார்.

“தம்பி, எனக்கு ஏதாச்சும் வருங்களா?”

“வராதுங்க.”

“சரி தம்பி” என்று வைத்துவிட்டார். அவர் திட்டியிருந்தால் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன்.

நான் பொறியாளன். ஒரு விஷயம் உறுத்தினால் முதலில் கணக்கைப் பார்ப்பேன். பென்சன் சூத்திரம் எளிமையானது: 600-இல் ஒரு பங்கு, பெருக்கல் வேலை செய்த மாதங்கள், பெருக்கல் கடைசிச் சம்பளம். உச்ச வரம்பு சம்பளத்தில் ஐந்தில் மூன்று பங்கு. பெரியப்பா 1986 முதல் 2014 வரை 336 மாதம் வேலை பார்த்தார். கடைசிச் சம்பளம் 2,100 வெள்ளி. 1,176 வெள்ளியில் தொடங்கிய பென்சன், 2021-இல் அவர் இறக்கும்போது 1,350-ஐத் தொட்டிருந்தது.

இந்தச் சூத்திரத்தில் மனைவிக்கு இடமே இல்லை. ஆனால் 336 மாதம் இரவு ஷிப்டு, பகல் ஷிப்டு என்று ஒருவர் போய்வர வேண்டுமென்றால் வீட்டில் யாரோ உலை வைத்திருக்க வேண்டும். அதனால் கைம்பெண் வாங்கும் பென்சன் தானமும் இல்லை, வாரிசுச் சொத்தும் இல்லை. அவளுடைய சொந்த உழைப்புக்குத் தாமதமாக வரும் கூலி. இந்த வாதம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வேலையிடத்தில் நண்பர்களிடம்கூடப் பெருமையாகச் சொன்னேன். பிறகுதான் எண்ணிப் பார்த்தேன். 1986 முதல் 1996 வரை உலை வைத்தவர் பெரியம்மா. அதன் பிறகு பதினெட்டு வருடம் அந்த அம்மா. என் வாதப்படி பென்சனில் பெரிய பங்கு ‘அந்த வீட்டு’க்குத்தான் போக வேண்டும்.

இதைப் பெரியம்மாவிடம் சொன்னது புத்திசாலித்தனம் இல்லை. சொல்லிவிட்டேன்.

“ஆக்கிப் போட்டதுக்குக் கூலின்னா அவ வாங்கிக்கட்டும்யா. அவரு பெத்த மூணயும் நான் வளத்தேனே, அது யாரு வேல? அவரு வேலதானே? அவரு ஷிப்டையும் சேத்து நான் பாத்திருக்கேன். அதுக்கு யாரு கூலி குடுத்தா? ரிட்டயர் ஆனப்ப வந்த கிராஜுவிட்டி அம்பதாயிரத்துக்கு மேல. அதுல ஒரு வெள்ளி இங்க வந்துச்சா?”

என்னிடம் பதில் இல்லை. கூலி என்று பார்த்தால் இருவருமே கொடுத்துத் தீராத கடன்காரர்கள். 1,350 வெள்ளி போதாது.

அப்படியானால் அவரவர் விருப்பப்படி எழுதிவைக்கட்டும் என்று விடலாமா? என் போன்ற தனியார் துறை ஆட்களுக்கு அதுதான் நடக்கிறது. எங்களுக்கு இ.பி.எஃப். முஸ்லிம் அல்லாதவர் யாரை நியமிக்கிறாரோ, பணம் அவருக்கே. 2024 பிப்ரவரியிலிருந்து புதிதாக அரசாங்க வேலையில் சேருகிறவர்களுக்கும் பென்சன் போய் இ.பி.எஃப். வந்துவிட்டது. பெரியப்பாவுக்கு அந்த வசதி இருந்திருந்தால், பெரியம்மாவுக்கு ஒரு வெள்ளியும் வந்திருக்காது. சந்தேகமே இல்லை. வீட்டை விட்டுப் போன கணவனின் விருப்பத்தைக் கேட்காமல் கொடுப்பதுதான் பென்சனின் நியாயம். அந்த அம்மாவை வெளியே நிறுத்துவதும் அதே கேளாமைதான். ஒன்றை விட்டு ஒன்றை எடுக்க எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் தேர்வு செய்யச் சொன்னால், செத்தவன் கையில் அதிகாரம் இல்லாத முறையைத்தான் தேர்வேன்.

உரிமை என்ற சொல்லும் இங்கே நேராக நிற்பதில்லை. 1980-ஆம் ஆண்டு பென்சன் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, எந்த ஊழியருக்கும் பென்சன் மேல் முழுமையான உரிமை கிடையாது என்கிறது. அரசியலமைப்பின் 147-ஆவது விதியோ, வழங்கப்பட்ட பென்சனைப் பின்னால் வரும் சட்டம் குறைத்துவிடாமல் காக்கிறது, அதிலும் கைம்பெண்ணைச் சேர்த்தே சொல்கிறது. அமினா அகமது என்ற ஓய்வுபெற்ற அதிகாரி இந்த விதியை வைத்துத்தான் வழக்காடினார். பென்சன் உயர்வைச் சம்பள மறுஆய்விலிருந்து பிரித்து வருடம் 2 விழுக்காடு என்று ஆக்கிய 2013-ஆம் ஆண்டுத் திருத்தம் செல்லாது என்று கூட்டரசு நீதிமன்றம் 2023 ஜூனில் உறுதிசெய்தது. கேட்டுப் பெற முடியாது, கொடுத்ததைக் குறைக்கவும் முடியாது. பெரியம்மா இதையெல்லாம் கேட்டுவிட்டு, “மாசம் பொறந்தா பேங்குல உழுகுதுல்ல?” என்றார்.

போன தீபாவளிக்கு முன் அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனேன். 300 வெள்ளி கொண்டுபோயிருந்தேன், என் சம்பளத்திலிருந்து. இனி மாதாமாதம் தருகிறேன் என்றேன். மைலோ கலக்கிக் கொடுத்தார். உறையைத் தொடவில்லை.

“வேணாம் தம்பி. நீங்க குடுத்தா அது தர்மம். அது வந்திருந்தா, அவரு பொஞ்சாதின்னு வந்திருக்கும்.”

நான் பணத்தைத்தான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். உறையை எடுத்து பைக்குள் வைத்துக்கொண்டேன். ஒரு பள்ளிக்கூடக் கேண்டீனில் தட்டு கழுவுகிறாராம், காலையில் சீக்கிரம் போக வேண்டும் என்றார். ஐசியில் வயது அறுபத்தொன்று.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் பெரியம்மாவிடம் சொன்னேன். வாங்கினாளா என்று கேட்டார். இல்லை என்றேன்.

“வாங்க மாட்டா” என்றார். அதை அவர் சொன்ன விதத்தில் கோபம் இல்லை.