கிளிப்பும் கோபுரமும்

துணி உலர்த்தும் கொடியில் மாட்டுகின்ற மரக்கிளிப்பை நம்மில் எவரேனும் நின்று பார்த்ததுண்டா? காற்றில் வேட்டி பறந்துபோன நாளன்றுதான் அதன் நினைவே நமக்கு வருகிறது. அந்தக் கிளிப்பை நகரின் நடுவே வானளாவிய கட்டடமாக வரைந்து நீர்வண்ணம் தீட்டினார் கிளாஸ் ஓல்டன்பர்க் என்னும் ஓவியர். 1929-இல் ஸ்டாக்ஹோமில் பிறந்து சிகாகோவில் வளர்ந்தவர் அவர்.

படத்தின் வேடிக்கை அதன் தலைப்பிலேயே தொடங்குகிறது. 'சிகாகோ டிரிபியூன்' நாளேடு தனக்கென ஒரு மாளிகை எழுப்ப 1922-இல் உலகளாவிய போட்டி ஒன்றை நடத்தியது. 260-க்கும் மேற்பட்ட வரைபடங்கள் வந்தன. கோதிக் பாணிக் கோபுரம் ஒன்று வென்றது. பேராலயச் சுவர்களைத் தாங்குவதற்கென இடைக்காலத்தார் கண்ட முட்டு வளைவுகள், செய்தித்தாள் மாளிகையின் உச்சியில் அலங்காரமாய் ஏறி அமர்ந்தன. (அங்கே அவை எதைத் தாங்கின என்று கேட்கலாகாது!) 45 ஆண்டுகள் கழித்து, 1967-இல், ஓல்டன்பர்க் தம் கிளிப்பை அதே போட்டிக்குத் 'தாமதமாக வந்த விண்ணப்பம்' எனப் பெயரிட்டு வரைந்தார்.

நாம் சிரிப்பது யாரைப் பார்த்து? எளிய பொருளைப் பார்த்து என்றே முதலில் எண்ணினோம். அன்று. இரண்டு மரத்துண்டுகளும் ஒரு கம்பிச்சுருளும் கொண்ட கிளிப்பு, தன் வேலையை உண்மையாகவே செய்கிறது, பற்றியதை விடுவதில்லை. சிரிப்புக்கு இலக்கானது எதையும் தாங்காத அந்த வளைவுகளே.

ஆயினும் ஒரு நெருடல் நமக்கு உண்டு. 1976-இல் பிலடெல்பியாவில், நகர மண்டபத்துக்கு எதிரே, 45 அடி உயர எஃகுக் கிளிப்பை அவரே நிறுத்தினார். மக்கள் அண்ணாந்து வியந்தனர். அந்தக் கிளிப்பிலோ ஒரு கைக்குட்டையும் தொங்கியதில்லை! சிறியதைப் பெரிதாக்கினால்தான் மதிப்போம் என்றால், நாம் மதித்தது சிறியதையா, பருமனையா? காகிதத்தில் இருந்தவரை அது கோபுரத்தைக் கேலி செய்தது. எஃகில் அதுவும் ஒரு கோபுரமாயிற்று.

பொருள்களிடம் மட்டுமா இப்படி நடக்கிறோம்? சென்ற ஆண்டு விழா மேடையில், ஆலய வளாகத்தைக் கூட்டிப் பெருக்கும் அம்மையாருக்குப் பொன்னாடை போர்த்தி நீண்ட உரையும் ஆற்றினோம். கைதட்டல் ஓங்கி ஒலித்தது. சீட்டில் எழுதியிருந்த அவர் பெயரை, சீட்டோடு சேர்த்து அன்றே தொலைத்துவிட்டோம். மறுநாள் காலை வழக்கம்போல் அவர் பெருக்கிய வழியே நடந்து சென்றோம்.

இக்கட்டுரையை எழுதத் தொடங்கிய பின்னரே, கோயில்பிள்ளையிடம் சற்றுக் கூச்சத்துடன் அவர் பெயரைக் கேட்டறிந்தோம்.