பெரிய வீட்டை விற்கலாமா?



கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கவேண்டும் என்று நமதாண்டவர் சொன்ன உவமையை அர்ச். லூக்காஸ் தமது சுவிசேஷத்தின் 14-ம் அதிகாரத்தில் எழுதியிருக்கிறார். அஸ்திவாரம் போட்டுவிட்டு மேலே கட்ட வகையில்லாமல் நின்றவனை ஊரார் பரிகாசம் செய்வார்கள் என்று அவ்வுவமை முடிகிறது. இதைப் பிரசங்கத்தில் கேட்கும்போதெல்லாம் இனிமேல் வீடு கட்டப்போகிறவர்களைத்தான் நாம் நினைத்துக்கொள்கிறோம். கட்டி முடித்து, சுவாமியாரை அழைத்து மந்திரித்து, இருபது வருஷம் குடியிருந்த பின்பு அந்த வீட்டை வைத்துக் காப்பாற்ற முடியாமல் திணறுகிறவர்களுக்கும் அது சொல்லப்பட்டதுதான். அவர்களும் உட்கார்ந்து கணக்குப் பார்க்கவேண்டியவர்களே. ஊரார் பரிகாசம் செய்வார்களே என்ற பயந்தான் அவர்களை உட்காரவிடுகிறதில்லை.

நம் வேங்கிக்காலில் இத்தகைய குடும்பங்கள் இல்லையென்று யாரும் சொல்லமுடியாது. 1989-ம் ஆண்டில் திருவண்ணாமலை தனி மாவட்டமாயிற்று. ஆட்சியர் அலுவலகம் நம் ஊரில் அமைந்தது. வேலூர் சாலையின் இருபுறமும் வீடுகள் பெருகின. உத்தியோகத்தில் இருந்தவர்கள் பிள்ளைகளெல்லாம் கூடவே இருப்பார்கள் என்று எண்ணி, மாடியும் கூடமுமாகக் கட்டினார்கள். இன்று பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் வாடகைக்கு இருக்கிறார்கள். மாடி பூட்டிக் கிடக்கிறது. மழைக்காலத்தில் தளம் ஒழுகுகிறது, பூச்சுக்குப் பணமில்லை. வங்கிக் கடனுக்குத் தவணை கட்ட அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போய், அதன் வட்டிக்கு இன்னொரு கடன் வந்திருக்கிறது. வெளியே பார்த்தால் பெரிய வீடு. உள்ளே இரவு கஞ்சிக்கும் யோசனை.

இப்படிப்பட்ட வீட்டில் ஒருநாள் மகனோ மனைவியோ மெல்ல வாயைத் திறந்து, இதை விற்றுவிட்டுச் சிறிய வீட்டுக்குப் போனால் என்ன என்று கேட்கிறார்கள். உடனே சண்டை. நொடித்துப்போய்விட்டான் என்று சொல்லமாட்டார்களா? பெண்ணைக் கேட்டு வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

இதற்குப் பதிலாக, நம் காலத்திலேயே நடந்த ஒன்றைச் சொல்லுகிறோம். 2013-ம் ஆண்டு மார்ச் 13-ந் தேதி பாப்பரசராகத் தெரிந்துகொள்ளப்பட்ட பிரான்சிஸ், முந்திய பாப்பரசர்கள் வாசம் செய்த அரண்மனை மாளிகைக்குப் போகாமல், வத்திக்கானிலுள்ள சாந்தா மார்த்தா என்னும் விருந்தினர் விடுதியிலேயே தங்கிவிட்டார். 2025 ஏப்ரல் 21-ல் அவர் மரித்தது வரையில் அதுவே அவருடைய வீடு. அதற்கு முன் புவனோஸ் ஐரீஸ் நகரத்து அதிமேற்றிராணியாராய் இருந்தபோதும், மேற்றிராசனத்து மாளிகையை விட்டு ஒரு சிறு குடியிருப்பில் இருந்துகொண்டு தாமே சமைத்துச் சாப்பிட்டவர் அவர். மாளிகைக்கு ஏன் போகவில்லை என்று கேட்டபோது, அதன் ஆடம்பரத்தை அவர் குறைகூறவில்லை. மனுஷர் மத்தியில் இல்லாமல் தம்மால் தனித்து இருக்க முடியாது என்பதையே காரணமாகச் சொன்னார். இதைக் கவனியுங்கள். வீட்டின் அளவை அவர் சுவரைக்கொண்டு பார்க்கவில்லை, கூட இருக்கும் ஆட்களைக் கொண்டு பார்த்தார். உங்கள் வீட்டில் இன்று எத்தனை பேர் படுத்து எழுகிறார்கள், எத்தனை அறையில் விளக்கு எரிகிறது என்று எண்ணிப் பாருங்கள். கௌரவத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.

ஆனாலும், விற்றால் கஷ்டம் தீர்ந்துவிடும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுகிறவர்களோடும் நாம் சேரமாட்டோம். உதாரணத்துக்கு, உங்கள் வீடு 60 லட்சத்துக்குப் போகிறதென்றும், 35 லட்சத்துக்குச் சிறிய தனிவீடு ஒன்று கிடைக்கிறதென்றும் வைத்துக்கொள்வோம். கையில் 25 லட்சம் மிஞ்சும் என்றுதான் எல்லாரும் மனக்கணக்குப் போடுகிறார்கள். தமிழ்நாட்டில் வீடு வாங்குகிறவர் முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் கட்டவேண்டும். 35 லட்சத்துக்கு அது 3 லட்சத்து 15 ஆயிரம். விற்பதற்கும் வாங்குவதற்கும் தரகு நூற்றுக்கு ஒன்று வீதம் கொடுத்தால் 95 ஆயிரம். சாமான் ஏற்றி இறக்க, வெள்ளையடிக்க, ஒழுகும் குழாயை மாற்ற ஒரு லட்சம். ஆக மிஞ்சுவது 19 லட்சத்து 90 ஆயிரம். வங்கிக் கடன் 18 லட்சம் இருந்தால் அதை அடைத்தபின் 1 லட்சத்து 90 ஆயிரமே கையில் நிற்கும். இதைக் கேட்டு மனம் சோரவேண்டியதில்லை. 18 லட்சத்துக்கு 9 சதவீதம் என்றால் வருஷ வட்டி மாத்திரம் 1 லட்சத்து 62 ஆயிரம்; அந்த வாய் அடைபட்டதே பெரிய லாபம். ஆனால் கடன் இல்லாத வீட்டை, சும்மா பணம் மிச்சமாகும் என்று விற்கிறவர் இந்தக் கணக்கை இரண்டு தடவை போட்டுப் பார்க்கட்டும்.

வரியும் உண்டு. இரண்டு வருஷத்துக்கு மேல் வைத்திருந்த வீட்டை விற்ற லாபத்துக்கு வருமானவரி 12.5 சதவீதம். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடானால், விலைவாசி ஏற்றத்தைக் கழித்துக்கொண்டு 20 சதவீதம் என்ற பழைய கணக்கில் குறைவாக வந்தால் அதையே கட்டலாம். லாபத்தைக் கொண்டு இரண்டு வருஷத்துக்குள் வேறு வீடு வாங்கினாலோ, மூன்று வருஷத்துக்குள் கட்டினாலோ, அவ்வீட்டில் போட்ட அளவுக்கு வரி இல்லை. கணக்குத் தெரிந்தவர் ஒருவரை முன்னதாகவே கேளுங்கள். விற்ற பின்பு கேட்பதில் பிரயோசனமில்லை.

விற்காமலே தப்பும் வழியும் சிலருக்கு உண்டு. பூட்டிக் கிடக்கும் மாடிக்குத் தனியாகப் படி வைத்து, மாற்றலாகி வரும் உத்தியோகஸ்தர்களுக்கு வாடகைக்கு விடலாம். ஒப்பந்தத்தை எழுத்தில் எழுதிப் பதிவு செய்யவேண்டும் என்பது 2019 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டம். மாடியில் அந்நியர் குடியிருந்தால் அந்தஸ்து குறையுமென்று அடகுக் கடைக்கு நடக்கிறவர்களும் இருக்கிறார்கள். அடகுக் கடையில் இருப்பவரும் அந்நியர்தானே!

சிறிய வீடு பார்க்கும்போது விலையை மாத்திரம் பார்க்கவேண்டாம். 2024 டிசம்பர் 1-ந் தேதி, பெஞ்சல் புயல் மழையில் அண்ணாமலையின் சரிவு இடிந்து, வ.உ.சி. நகரில் வீட்டின்மேல் விழுந்து 7 பேர் மாண்டதை நாம் மறக்கவில்லை. அவர்களில் 5 பேர் குழந்தைகள். அங்கே குடியிருந்த ஏழைகளை யாரும் குறைசொல்லலாகாது. ஆனால் இடத்தைத் தெரிந்தெடுக்க உங்களுக்கு வாய்ப்பு இருக்கும்போது, மழைத்தண்ணீர் எந்த வழியாய்ப் போகும், ஏரி நிரம்பினால் எதுவரை வரும் என்று அக்கம்பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள்.

இனி, விற்கும் காரியத்தில் ஆத்துமத்தைத் தொடும் பகுதிக்கு வருகிறோம். அப்போஸ்தலர் நடபடிகளில் அனனியா, சப்பீராள் என்னும் தம்பதிகளின் சரித்திரம் இருக்கிறது. நிலத்தை விற்றார்கள், விலையில் ஒரு பாகத்தை ஒளித்துவைத்துவிட்டு, இதுதான் முழுத் தொகை என்று அப்போஸ்தலர்களுடைய பாதத்தில் வைத்தார்கள். இருவரும் ஒருவர் பின் ஒருவராய் விழுந்து மரித்தார்கள். பணத்தை வைத்துக்கொண்டதற்காக இராயப்பர் அவர்களைக் கண்டிக்கவில்லை. விற்குமுன் நிலமும், விற்றபின் பணமும் அவர்களுடையதாகவே இருந்ததென்று அவரே ஒத்துக்கொள்ளுகிறார். தொகையைப் பற்றிச் சொன்ன பொய்தான் அவர்களைக் கொன்றது.

இன்று வீடு கைமாறும் இடத்திலெல்லாம் இந்தப் பொய் நடமாடுகிறது. பத்திரத்தில் ஒரு விலை, மேசைக்கு அடியில் ஒரு விலை. வீடு, மனை விற்பனையில் 20 ஆயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக்கூடாதென்று 2015 ஜூன் முதல் சட்டம் இருக்கிறது; வாங்கினால் வாங்கிய தொகையே அபராதம். சட்டத்துக்குத் தப்பினவனும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் வந்து முழங்காலிடத்தானே வேண்டும்? இதைவிடக் கொடியது, கூடப் பிறந்தவர்களிடம் சொல்லும் பொய். அண்ணன் வீட்டை விற்கிறான். தங்கைகளிடம் குறைந்த விலை சொல்லிப் பங்கு பிரிக்கிறான். பத்து வருஷம் கழித்து உண்மை வெளியானபின், அவர்கள் ஒரே கோவிலில் வேறுவேறு பூசைக்கு வருகிறார்கள்.

பங்கு என்றதும் ஒன்று சொல்லவேண்டும். தகப்பனார் பெயரில் வீடு இருந்து அவர் உயில் எழுதாமல் மரித்துவிட்டால், கிறிஸ்தவர்களாகிய நமக்கு 1925-ம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். அதன்படி மூன்றில் ஒரு பங்கு அம்மாவுக்கு. மீதி இரண்டு பங்கு பிள்ளைகள் எல்லாருக்கும் சமம், ஆணென்றும் பெண்ணென்றும் வித்தியாசமில்லை. சீர்வரிசை செய்து அனுப்பியாயிற்றே என்று கல்யாணமான மகளை விலக்க அந்தச் சட்டத்தில் இடமில்லை. ஆகையால் மகன் ஒருவன் தீர்மானித்து முன்பணம் வாங்குவது செல்லாது. செல்லாதது மாத்திரமல்ல, அநியாயம்.

அந்த மூன்றில் ஒரு பங்குக்காரி எங்கே படுப்பாள்? சிறிய வீட்டுக்குப் போவதைப் பற்றிப் பேசும் வீடுகளில் இந்தக் கேள்வியைக் கடைசியில்தான் கேட்கிறார்கள். இரண்டு அறை வீடு. ஒன்று மகனுக்கும் மருமகளுக்கும், ஒன்று படிக்கிற பேரப்பிள்ளைகளுக்கும். அம்மாவுக்கு? தம்பி வீட்டில் ஆறுமாதம், தங்கை வீட்டில் ஆறுமாதம் என்று பதில் வருகிறது. எந்த மாவட்டத்து ஆட்சியர் அலுவலகத்திலும், நம் ஊரிலும்தான், திங்கட்கிழமைகளில் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. வீட்டைப் பிள்ளைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு இப்போது இருக்க இடமில்லை என்று மனுவைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு முதியவர்கள் வரிசையில் நிற்பதுண்டு. பஸ்சில் போகிறபோது நாம் பார்க்காமல் தாண்டிவிடுகிறோம்.

2007-ம் ஆண்டு வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், கவனித்துக்கொள்ளவேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, கவனிக்காமற்போனால் ரத்து செய்ய இடங்கொடுக்கிறது. கோட்டாட்சியரிடம் மனுச் செய்யலாம். 2025 ஜனவரி 2-ல் உச்ச நீதிமன்றம், மத்தியப் பிரதேசத்துத் தாய் ஒருவர் மகனுக்கு எழுதிய தானபத்திரத்தை இச்சட்டப்படி ரத்து செய்து வீட்டை அவரிடமே ஒப்படைக்க உத்தரவிட்டது. ஆதலால் வயது சென்ற தாய் தகப்பன்மாரே, பிள்ளைமேல் எவ்வளவு நம்பிக்கை இருந்தாலும், செட்டில்மெண்ட் பத்திரத்தில் அந்த நிபந்தனையை ஒரு வரியாக எழுதச் சொல்லுங்கள். நல்ல மகன் அதற்காகக் கோபித்துக்கொள்ளமாட்டான். பழைய வீட்டை விற்று வாங்கும் சிறிய வீட்டுப் பத்திரத்திலும் உங்கள் பெயர் சேரட்டும்.

சேசுநாதர் சுவாமி சிலுவையில் தொங்கின கடைசி நேரத்திலும் தம் தாயாருக்கு இருக்க இடம் பார்த்தார். அர்ச். அருளப்பர் தேவமாதாவைத் தம் வீட்டுக்கு அழைத்துப்போனார். செம்படவராய் இருந்தவருடைய அந்த வீட்டில் எத்தனை அறை என்று சுவிசேஷம் சொல்லவில்லை.

ஆகவே, உங்கள் வீட்டில் இந்தப் பேச்சு எழுந்திருந்தால், வருகிற ஞாயிற்றுக்கிழமை இரவு ஜெபமாலை சொல்லி முடித்தவுடன் விளக்கை அணைக்காமல் உட்காருங்கள். கடன் சீட்டுகள், அடகுச் சீட்டுகள், வீட்டுப் பத்திரம், எல்லாவற்றையும் பாயின்மேல் பரப்புங்கள். மனைவிக்குத் தெரியாத கடன் இருந்தால் அதுவும் அன்றைக்கே வெளியே வரட்டும். வெளியூர்ப் பிள்ளைகளை டெலிபோனில் கூப்பிட்டு அதே கணக்கைப் படித்துக் காட்டுங்கள். அம்மாவை நடுவில் உட்காரவையுங்கள். முதலில் அவர் பேசட்டும். மாடியை வாடகைக்கு விடுவதோ, விற்பதோ, இன்னும் ஒரு வருஷம் பொறுப்பதோ, அங்கே தீர்மானமாகும். விற்று வேறு வீடு போவதென்று முடிவானால், குடிபோகும் நாளைக் கோவிலில் சொல்லுங்கள். இரண்டு அறை வீடானாலும் வந்து மந்திரித்துக் கொடுக்கிறோம். பழைய கூடத்துத் திரு இருதயப் படத்தை முதல் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போங்கள். எந்தச் சுவரில் மாட்டுவதென்று அம்மாவைக் கேளுங்கள்.