வளர மறுப்பது யார் செலவில்?

'வளரவே மாட்டேன்' என்று அடம்பிடிக்கும் பாத்திரங்களை வாசகர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். பெரியவர்களின் பொய்யையும் பாசாங்கையும் நிராகரிக்கும் கலகக்காரர்கள் என்று கொண்டாடுகிறோம். கொண்டாடலாம், தப்பில்லை. ஆனால் ஒருத்தன் குழந்தையாகவே இருப்பதற்கு விலை கொடுப்பது யார் என்று கேட்டுவிட்டுக் கொண்டாடுவோம்.

ஜே.எம். பாரியின் பீட்டர் பான் 1904இல் லண்டனில் மேடையேறினான். பாரிக்கு ஆறு வயதிருக்கும்போது அவருடைய அண்ணன் டேவிட் பனிக்கட்டிமேல் நடந்த விபத்தில் செத்துப்போனான். பதினான்கு வயதுகூட நிரம்பவில்லை. அவன் என்றைக்கும் சிறுவனாகவே இருப்பான் என்பதுதான் தாய்க்கு ஆறுதல். ஆக, பீட்டரின் 'நித்திய குழந்தைமை'க்குள் ஒரு சாவு கிடக்கிறது. 1911இல் நாவலாக வந்தபோது இன்னொன்றும் பதிவானது: கூட்டத்துப் பையன்கள் வளர்கிற மாதிரி தெரிந்தால் பீட்டர் எண்ணிக்கையைக் குறைத்துவிடுவான். எப்படிக் குறைப்பான் என்று விளக்கமில்லை. பையன்களின் கிழிசலைத் தைக்க வெண்டி என்ற சிறுமி இருக்கிறாள். அவன் குழந்தையாகவே இருக்க, இவள் தாயாக வேண்டியிருக்கிறது.

ஜே.டி. சாலிஞ்சரின் 'தி கேட்சர் இன் தி ரை' (1951) நாவலில் வரும் ஹோல்டன் வேறு ரகம். பள்ளியிலிருந்து துரத்தப்பட்டு நியூயார்க்கில் அலைகிற 16 வயதுப் பையன். ரத்தப் புற்றுநோயில் போன தம்பி ஆலியின் சாவு அவனுக்குச் செரிக்கவில்லை. பாறை விளிம்பிலிருந்து விழப்போகும் பிள்ளைகளைப் பிடித்து நிறுத்துவதுதான் அவன் செய்ய விரும்பும் ஒரே வேலை. கடைசியில் ராட்டினத்தில் சுற்றும் தங்கை ஃபீபியைப் பார்க்கும்போது, விழுந்தாலும் விழட்டும் என்று விடத்தான் வேண்டும் எனப் புரிந்துகொள்கிறான். தன் வலியை அவன் யார் தலையிலும் கட்டவில்லை. ஆனாலும் இப்படி அலைய, வக்கீல் அப்பாவின் வசதி வேண்டியிருந்தது.

கூண்டர் கிராஸின் ஆஸ்கர் ('தி டின் டிரம்', 1959) டான்சிக் நகரத்துக்காரன். மூன்றாவது பிறந்தநாளில் படிக்கட்டில் வேண்டுமென்றே விழுந்து வளர்ச்சியை நிறுத்திக்கொண்டதாகச் சொல்கிறான். நாஜிகள் ஊரைப் பிடிக்கிறார்கள். ஆஸ்கர் ஜெர்மன் சிப்பாய்களைக் குஷிப்படுத்தும் குழுவில் சேர்ந்து வித்தை காட்டுகிறான். பொடியன்தானே, யார் கேட்பார்? 'நாங்க சின்னவங்க, எங்களுக்கு ஒண்ணும் தெரியாது' என்று தப்பிக்கப் பார்த்த ஒரு சமூகத்தின் மீதான எள்ளலாக இதை வாசிக்கலாம். 17 வயதில் ஹிட்லரின் வாஃபன் எஸ்எஸ் படையில் இருந்ததை கிராஸே 2006இல்தான் வெளியே சொன்னார். சின்ன வயசு எவ்வளவு காலத்துக்குச் சாக்காகும்?

இனி மார்க் ட்வைன். ஹக்கிள்பெரி ஃபின்னோடு (1884) தெப்பத்தில் போகும் ஜிம் மனைவி, பிள்ளைகள் உள்ள அடிமை. அமெரிக்கத் தெற்கில் கறுப்பு ஆணுக்குத் தலை நரைத்தாலும் வெள்ளையன் வாயில் அவன் 'பையன்'தான். பெரியவரை 'டேய்' என்று கூப்பிடும் வாயைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஜிம்முக்கு எஜமானி உயிலில் விடுதலை கொடுத்துவிட்டாள். அது தெரிந்தும் மறைத்து, அடைபட்டுக் கிடக்கும் ஜிம்மை வைத்துச் சாகச விளையாட்டு ஆடுகிறான் டாம் சாயர். ஒருத்தனுடைய பால்யம் நீள, இன்னொருத்தனுடைய விடுதலை காத்திருக்கிறது.

அதே நாவலில் ஹக்கும் பெரியவர்களின் 'நாகரிக'த்திலிருந்து ஓடுகிறவன்தான். ஆனால் ஜிம்மைக் காட்டிக்கொடுக்கும் கடிதத்தை எழுதி முடித்துவிட்டு, நரகமே கிடைத்தாலும் சரி என்று கிழித்துப்போடுகிறான். பெரியவர்கள் கற்பித்த சட்டத்தை நிராகரிக்கிறான். அதன் விலையைத் தானே ஏற்கிறான்.

வித்தியாசம் இங்கேதான். பெரியவர்களின் பொய்யை மறுப்பது ஒன்று, பெரியவனுக்குரிய பொறுப்பை மறுப்பது வேறொன்று. முதலாவதை நாம் செய்தே ஆகவேண்டும். இரண்டாவது, பெரியவனாகும் உரிமை ஏற்கெனவே கையில் உள்ளவன் அனுபவிக்கும் சலுகை. 'பையன்' என்றே விளிக்கப்பட்டவனுக்கு, பெரிய மனுசனாக நிமிர்ந்து நிற்பதுதான் கலகம்.