சோத்தக் கொறச்சா எதைத் திங்கறது?

போன வருடம் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் மேல்தட்டு என் இணையருக்கு, கீழ்த்தட்டு எனக்கு என்று பிரிந்துபோனது. மேலே பனீர், வெண்ணெய், சீஸ், முட்டை அட்டை. கீழே கீரை, சுரைக்காய், முளைகட்டிய பாசிப்பயறு, ஆடை எடுத்த பால். இருவருக்கும் நாற்பது தாண்டிவிட்டது. ரத்தப் பரிசோதனையில் இருவருக்குமே சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது. எடையைக் குறைத்தே ஆக வேண்டும் என்றார் மருத்துவர். அலுவலக நண்பர்களைப் பார்த்து அவர் கீட்டோவுக்குப் போனார். நான் உணவியல் நிபுணர் எழுதித் தந்த 1,400 கலோரிப் பட்டியலை எடுத்துக்கொண்டேன். எது ஜெயிக்கும் என்று வீட்டுக்குள் ஒரு பந்தயமே நடந்தது.

கீட்டோவின் கணக்கு எளிது. ஒரு நாளைக்கு மாவுச்சத்து 50 கிராமுக்குள் அடங்க வேண்டும். ஒரு கப் சாதத்திலேயே ஏறக்குறைய 45 கிராம் வந்துவிடும். ஆகவே சோறு, இட்லி, கிழங்கு, வாழைப்பழம் எல்லாவற்றுக்கும் கும்பிடு. மாவுச்சத்து கிடைக்காத உடல் கொழுப்பை எரிக்கிறது. கல்லீரல் அதிலிருந்து கீட்டோன்களை உண்டாக்குகிறது. பலருக்குப் பசியும் மட்டுப்படுகிறது. 1921இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர் ரஸ்ஸல் வைல்டர் இந்த உணவை முன்வைத்தது வலிப்பு நோய்க்காக. எடைக் குறைப்புக்கு அது வந்து சேர்ந்தது பிறகுதான். என் பட்டியலில் விலக்கு எதுவும் இல்லை, அளவு மட்டும் உண்டு. காலையில் மூன்று இட்லி, மதியம் ஒரு கப் சாதம், அதைவிடக் கூடுதலாகக் காய், பருப்போ முட்டையோ மீனோ கட்டாயம்.

முதல் மாதம் அவருக்கு ஐந்து கிலோ குறைந்தது. எனக்கு ஒன்றரை. எனக்கு அழுகை வராத குறை. உடலில் சேமித்திருக்கும் மாவுச்சத்து தன்னைப் போல மூன்று மடங்கு நீரையும் பிடித்து வைத்திருக்கும், அது தீரும்போது நீரும் சேர்ந்து வெளியேறும், கீட்டோவின் முதல் வெற்றியில் பெரும்பங்கு அந்த நீர்தான் என்று பிறகு படித்தேன். வருட முடிவில் அவருக்கு ஏழு, எனக்கு ஆறு.

எங்கள் வீட்டுக்கணக்கு பெரிய ஆய்வுகளோடு ஒத்துப்போனது. 2018இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வில் 609 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு பிரிவுக்கு மாவுச்சத்து குறைந்த உணவு, மறு பிரிவுக்குக் கொழுப்பு குறைந்த உணவு. கண்டிப்பான கீட்டோ அல்ல என்றாலும் அதன் நெருங்கிய உறவு. ஓராண்டு முடிவில் முதல் பிரிவில் சராசரியாக 6 கிலோவும் அடுத்ததில் 5.3 கிலோவும் குறைந்திருந்தன. புள்ளியியல்படி இது வித்தியாசமே இல்லை. 2009இல் வந்த இன்னோர் அமெரிக்க ஆய்வில் 811 பேருக்கு நான்கு விதமான சத்து விகிதங்களில் கலோரியைக் குறைத்துக் கொடுத்தார்கள். இரண்டு வருடம் கழித்து எல்லாரும் ஏறக்குறைய ஒரே இடத்தில், சராசரியாக 4 கிலோ குறைந்து நின்றார்கள். எந்த முறையை ஒருவரால் தொடர்ந்து கடைப்பிடிக்க முடிகிறதோ அதுவே அவருக்கான முறை என்றுதான் நிபுணர்கள் முடிக்கிறார்கள்.

எனக்கு அந்த வாக்கியத்தில்தான் கேள்வி தொடங்கியது. தொடர்ந்து கடைப்பிடிக்க முடிவது என்றால் என்ன? யாரால் முடிகிறது?

என் இணையரால் முடிந்தது. உறவினர் திருமணங்களில் அவரைச் சுற்றி ஒரு கூட்டம் நிற்கும். "மனசுல என்ன உறுதி பாருங்க, வடைய ஏறிட்டுக்கூடப் பாக்கறதில்ல" என்பார்கள். அந்த உறுதிக்காகக் காலை ஐந்தரைக்கு அலாரம் வைத்தது நான். குழந்தைகளுக்கு இட்லி, அவருக்கு வெண்ணெயில் முட்டையும் காளானும், மதியத்துக்குக் காலிஃபிளவரைத் துருவி ஒரு போலிச் சாதம். என்னுடையதைக் கடைசியில், நின்றபடி. 2019இல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவழிக்கிறார்கள். அந்த வேலை செய்கிற ஆண்கள் 97 நிமிடம். அவருடைய மன உறுதி என்று ஊர் சொன்னதில் பாதி, என் நிமிடங்கள்.

நானும் அதே வருடம் ஆறு கிலோ குறைந்தேன். என்னிடம் யாரும் உறுதியைப் பற்றிப் பேசவில்லை. "என்ன, ஒடம்பு சரியில்லையா?" என்றார்கள், இல்லாவிட்டால் "இன்னும் கொஞ்சம் கொறைக்கலாம்" என்றார்கள். ஆணின் உணவுக் கட்டுப்பாடு சாதனை. பெண்ணுடையது கடமை. குறைத்து உண்பதே பெண்ணுக்கு அழகு என்று ஆத்திசூடி காலத்துப் பிள்ளைகளுக்கே கொன்றை வேந்தன் பாடம் சொல்லிவிட்டது. கலோரி எண்ணுவதை அமெரிக்கப் பெண்களிடம் பரப்பிய 1918ஆம் ஆண்டுப் புத்தகத்தை எழுதியவரும் ஒரு பெண்தான், லுலு ஹன்ட் பீட்டர்ஸ் என்ற மருத்துவர். உலகப்போர்க் காலத்தில் உடம்பில் கொழுப்பைச் சேர்த்து வைத்திருப்பது தேசப்பற்றுக்கு இழுக்கு என்று அவர் எழுதினார். ஒழுக்கம், அழகு, தேசம் என்று எந்தப் பெயரில் வந்தாலும் கட்டளை ஒன்றுதான்: நீ உன் தட்டைச் சுருக்கு.

ஒரு நாள் இணையரிடம் சொன்னேன், "உங்க கட்டுப்பாடு உங்களுது. சமையலும் உங்களுதா இருக்கட்டும்." ஒரு வாரம் முகம் தொங்கியது. பிறகு முட்டை அவித்தார், வெள்ளரிக்காய் நறுக்கினார். இரண்டு மாதத்தில் கீட்டோ போய், அரை வயிற்றுச் சோறும் நிறையக் காயும் என்று தன்னால் சமைக்க முடிந்த ஒன்றுக்கு வந்து சேர்ந்தார். எடை ஏறவில்லை. எனக்குக் கொஞ்சம் கர்வமாகவே இருந்தது.

அந்தக் கர்வத்தை உடைத்தவர் எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா. என் பட்டியலுக்கான காய்களை அத்தனை நாளும் ஆய்ந்து நறுக்கித் தந்தவர் அவர். இதை இவ்வளவு நேரம் நான் எழுதாமல் விட்டதிலேயே என் குற்றம் இருக்கிறது. ஐம்பது வயது. சர்க்கரைக்கு மாத்திரை, ரத்தசோகைக்கும் மாத்திரை. கனத்த உடம்பு. ஒரு திங்கட்கிழமை அரசு மருத்துவமனைக்குப் போய்விட்டு வந்தவர், கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார்.

"சோத்தக் கொறைங்கங்கறாங்க. சோத்தக் கொறச்சா வேற எதைத் திங்கறது கண்ணு?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். முட்டை, சுண்டல், காய் என்று பட்டியல் நாக்கு வரை வந்தது. அவருடைய ரேஷன் அட்டையை நினைத்ததும் நின்றுவிட்டது. தமிழ்நாட்டில் 2011 முதல் ரேஷனில் அரிசி இலவசம், அவர் அட்டைக்கு மாதம் 20 கிலோ. பருப்பு ஒரு கிலோ, 30 ரூபாய்க்கு. அந்த அரிசி எத்தனை வீடுகளின் பட்டினியைத் தீர்த்தது என்பதை நான் அறிவேன். அதைப் பழிக்க மாட்டேன். ஆனால் இருபதுக்கு ஒன்று என்ற அந்த விகிதம்தான் அவர் தட்டு. அந்த ஒரு கிலோ பருப்பிலும் முதலில் மகன், பிறகு பேரப்பிள்ளைகள், கடைசியில் ரசத்தோடு அவர். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40 சதவீதம் பேர் அதிக எடை கொண்டவர்கள்; 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நிறையத் தின்றதால் வந்த உடம்பு என்று அவரைப் பார்த்து யாரும் சொல்லிவிடலாம். ரத்தசோகையைப் பார்த்தால் அப்படிச் சொல்ல வாய் வராது. அவருக்கு வயிறு நிறைந்திருக்கிறது, சத்து சேரவில்லை. கீட்டோ என்று யாராவது சொல்லி அவர் திடீரென்று சோற்றை நிறுத்தினால், சர்க்கரை மாத்திரையோடு சேர்ந்து அது மயக்கத்தில்கூடக் கொண்டு விடும்.

வேண்டாம் என்று சொல்ல எதிரில் வேறொன்று இருப்பவருக்குத்தான் கட்டுப்பாடு ஒரு நற்பண்பு. வேறொன்று இல்லாதவரிடம் அதையே கேட்டால் அது பட்டினி. இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்து, ஒருவரைப் புகழ்ந்து மற்றவரைத் திட்டுகிறோம்.

மறுநாள் நான் செய்தது எளிதில் செய்யக்கூடிய காரியம். "தெனமும் ரெண்டு முட்டை இங்கயே சாப்பிடுங்க அக்கா" என்றேன். அவர் சிரித்தார். கோபம் கலந்த சிரிப்பு.

"மூணு வருசமா அதே சம்பளம். அதக் கூட்டிக் குடு கண்ணு. முட்டைய நானே வாங்கிக்கறேன். எம் பேத்திக்கும் சேத்து வாங்குவேன்."

எடையைப் பற்றி அந்த வருடம் நான் கேட்ட அறிவுரைகளில் அதுதான் சரியானது. சம்பளத்தைக் கூட்டினேன். மூன்று வருடத்துக்கும் சேர்த்துப் பார்த்தால் அது போதாது என்று இருவருக்குமே தெரியும். அவர் என்ன வாங்குகிறார் என்று நான் கேட்பதில்லை. அவர் தட்டு, அவர் கணக்கு.